முகத்துவாரத்தில் பதினேழு அடி

1894 ஜனவரி 1, திங்கள்

எங்கள் துறைமுக அதிகாரி பெல்லமி துரை புது வருஷப் பரிசாக இந்த டைரியைக் கொடுத்தார். தோல் அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி அச்சடித்திருக்கிறது. முன்பக்கத்தில் மகாராணியின் போர்க்கப்பல்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பீரங்கி என்ற விவரத்தோடு. சேந்தன்துறைத் துறைமுக ஆபீசில் பதினெட்டு வருஷமாக ரைட்டராக இருக்கிறேன். இதுவரை எந்தத் துரையும் எனக்கு ஒரு பென்சில்கூடக் கொடுத்ததில்லை.

ஆபீஸ் தினசரியை இங்கிலீஷில் எழுதவேண்டும். அதை மதராசிலிருந்து எவனாவது வந்து புரட்டுவான். இது தமிழில் இருக்கும். உலகநாத பிள்ளை எழுதி, உலகநாத பிள்ளையே படித்துக்கொள்வது.

பிரமு பார்த்துவிட்டு, "ஆபீசுலயும் எழுத்து, வீட்டுலயும் எழுத்தா? கையி அசந்துபோவாதா?" என்று கேட்டாள். கட்டிய மனைவிக்கு என் கையைப் பற்றியாவது கவலை இருக்கிறது.

திங்கட்கிழமை எங்கள் ஆபீசில் ஆழம் பார்க்கும் நாள். இந்த ஊர்த் துறைமுகம் ஆற்றின் வாயில் இருக்கிறது. முகத்துவாரத்தில் தண்ணீருக்கு அடியில் மணல் மேடு உண்டு. உள்ளே வரும் கப்பல் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். மணல் ஓரிடத்தில் கிடக்காது, காற்றுக்கும் வெள்ளத்துக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வாராவாரம் ஆபீஸ் படகு போய், ஒன்பது இடங்களில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அளக்கவேண்டும். கடல் ஏறி நிற்கும் உச்ச வெள்ளத்தில் எத்தனை அடி என்று ஆழப் புத்தகத்தில் நான் எழுதவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகல் மதராசுக்குப் போகும். அங்கிருந்து கல்கத்தா, அங்கிருந்து லண்டன். அங்கே கடல் வரைபடத்தில் அச்சாகிறதாம். நான் லண்டனைப் பார்த்ததில்லை. என் எண்கள் பார்த்திருக்கின்றன.

இன்று படகு துரையோடு கொக்குத்தீவுக்குப் போனது. துப்பாக்கி, சாப்பாட்டுக் கூடை, நாய். சாயங்காலம் பதினோரு தாரா வாத்துகளோடு திரும்பினார்கள். ஆழப் புத்தகம் எழுதி முடித்தேன்.

ஜனவரி 7, ஞாயிறு

நாளைக்கு வேலை இலேசாகட்டும் என்று சிலவற்றை வீட்டிலேயே எழுதி வைத்தேன். பிரமு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 8, திங்கள்

படகு கொக்குத்தீவுக்கு. முகத்துவாரத்தில் பதினேழு அடி.

ஜனவரி 11, வியாழன்

ஜில்லாவைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போடுகிறார்களாம். இந்தத் துறைமுகத்தை நிர்வகித்த அதிகாரிகளின் சரித்திரம் வேண்டும் என்று கலெக்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. துரை அதை என் மேஜைமேல் தள்ளிவிட்டு, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, உலகநாதம்" என்றார். பழைய காகித அறையைத் திறந்தேன். நாள் முழுக்கத் தும்மல்.

டச்சுக்காரர் காலத்துக் காகிதங்களைக் கறையான் படித்து முடித்துவிட்டது. கம்பெனி காலத்திலிருந்து பதினான்கு பேருடைய பெயர் கிடைத்தது. ஐந்து பேர் காலராவில் போனார்கள், இரண்டு பேர் சாராயத்தில். ஒருவர் தம் பங்களா வாசலில் பீரங்கி வைத்துக்கொண்டு, தமக்குக் கொடி தாழ்த்தி மரியாதை செய்யாத தோணிமேல் சுட்டாராம். குண்டு உப்பளத்தில் போய் விழுந்திருக்கிறது. உப்பு இலாகா அவர்மேல் எழுதிய புகார் நாற்பது பக்கம்.

எல்லோருமே கப்பற்படையிலிருந்து கழித்துவிடப்பட்டு வந்தவர்கள். போர்க்கப்பலில் இடமில்லாமல் போனவனுக்கு ஒரு துறைமுகம். காலில் குண்டடி, காதில் இரைச்சல், இல்லாவிட்டால் மேலதிகாரியோடு மனஸ்தாபம். பெல்லமி துரைக்கு என்னவென்று தெரியவில்லை. நல்ல மனுஷன். சத்தம் போடமாட்டார். கடலைப் பார்த்தாலே அலுப்பு வந்துவிடும்போல, எப்போதும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

துரைமார் வருவார்கள், போவார்கள். துறைமுகம் ரைட்டரிடம் இருக்கும். இதை அந்தச் சரித்திரத்தில் எழுத முடியாது.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்தது. கஸ்பார் மோத்தா ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு மீன் ஆகாது என்று தெரிந்த கடற்கரைக்காரர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

மோத்தா இந்தத் துறைமுகத்தின் பைலட். வெளியே வந்து நிற்கும் கப்பலில் ஏறி, முகத்துவாரம் தாண்டி உள்ளே கூட்டிவருவது அவர் வேலை. சர்க்கார் லைசென்சு உண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கப்பலும் தரை தட்டியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, ஆழப் புத்தகத்தோடு என்னைப் படகில் ஏற்றினார்கள். முதல் இடத்துக்குப் போவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஈயக்குண்டின் அடியில் மாட்டுக் கொழுப்பு தடவியிருப்பார்கள். அடியில் கிடப்பது மணலா, சேறா, சிப்பியா என்று அதில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வாடை வேறு. அன்றைக்கு மோத்தாதான் என்னைத் தூக்கிக் கரையில் விட்டார்.

"ரைட்டரய்யா, நீங்க கரையிலயே இருங்க. நான் அளந்து வந்து சொல்லுதேன், நீங்க எழுதுங்க. ஒங்களுக்குக் கடலு ஆவாது, எனக்கு எழுத்து ஆவாது. சரியாப் போச்சு."

அப்படியே பதினேழு வருஷம் நடந்தது. ஒன்பது இடத்து எண்ணையும் மனத்திலேயே வைத்துக்கொண்டு வந்து ஒப்பிப்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. போன நவம்பரில் பெல்லமி துரை வந்தபிறகு, திங்கட்கிழமைப் படகில் தாமே போவதாகவும், மோத்தா வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

"தொரை எப்படி, நல்லா அளக்காரா?" என்று இன்று மோத்தா கேட்டார்.

"கப்பற்படைக்காரர் அல்லவா?" என்றேன்.

கருப்பட்டி நன்றாக இருக்கிறது. சுக்குப் போட்டுக் காய்ச்சியது.

ஜனவரி 22, திங்கள்

ஒரே எண் வாராவாரம் வந்தால் படிக்கிறவன் கண்ணை உறுத்தும். மூன்றாம் இடத்தில் அரை அடி குறைத்தேன், ஏழாம் இடத்தில் கால் அடி கூட்டினேன். 'அடியில் என்ன' என்ற பத்தியில் ஓரிடத்தில் மணலுக்குப் பதிலாகச் சிப்பி. இரண்டு வாரம் சிப்பி இருக்கட்டும், பிறகு மணல் மூடிவிடும்.

இதைத் தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பதினேழு வருஷத்து எண்கள் என் தலையில் இருக்கின்றன. இந்த மாதம் முகத்துவாரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? துரையிடம் போய், "படகு வேண்டும், தாரா சுடப் போகாதீர்கள்" என்று சொல்லும் ரைட்டர் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறான்?

கையெழுத்து இன்று முத்துமுத்தாக வந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

சரித்திர வேலை. 1841ஆம் வருஷத்து ஆழப் புத்தகம் ஒன்று மூட்டைக்கு அடியிலிருந்து கிடைத்தது. அப்போது இருந்தவர் ஹோல்டன் என்ற காப்டன். கிறுக்கல் எழுத்து. வாரத்துக்கு ஒரு வரி. பாதி வரிகளில் எண்ணே இல்லை.

"அளக்கவில்லை. அலை பெரிது." "அளக்கவில்லை. படகு ரிப்பேர்." "அளக்கவில்லை. எனக்குக் காய்ச்சல்." ஓரிடத்தில், "அளக்கவில்லை. காரணம் எதுவும் இல்லை."

இப்படி எழுதிய மனுஷனை மதராசில் எப்படி விட்டுவைத்தார்கள்? இத்தனை ஓட்டைகளோடு ஒரு புத்தகத்தை நான் அனுப்பினால் மறு தபாலில் விளக்கம் கேட்டு வரும். அவருடைய பெயரையும் வருஷத்தையும் மட்டும்தான் நான் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14, புதன்

காலையில் தந்தி. 'பெனிடா' என்ற நீராவிக் கப்பல் கொழும்பிலிருந்து நிலக்கரியோடு வருகிறது. கோடையில் இந்தப் பக்கம் சுற்றும் போர்க்கப்பல்களுக்கு நம் ஊரில் நிலக்கரி இருப்பு வைக்கப்போகிறார்களாம். துரை முகத்தில் முதல் தடவையாக ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன். கப்பல் பாரத்தோடு பதினைந்து அடி தண்ணீரில் அமிழ்ந்து வருகிறது. நாளைக் காலை வெள்ளத்தில் உள்ளே வரவேண்டும்.

தகவல் கேள்விப்பட்டு மோத்தா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"ரைட்டரய்யா, முகத்துவாரத்துல எவ்வளவு இருக்கு?"

"பதினேழு அடி."

"எனக்கு அப்படித் தெரியலயே. ஐப்பசி மழைக்குப் பொறவு தெக்கால தண்ணி வெளுத்துக் கெடக்கு. மண்ணு நவுந்திருக்கும்போல. அளந்தது எப்ப?"

துரையின் அறைக்கதவு திறந்திருந்தது. அவர் பேனா ஓடும் சத்தம் நின்றது.

"திங்கக்கிழமை" என்றேன்.

"இந்தத் திங்கக்கிழமையா?"

"இந்தத் திங்கக்கிழமைதான்."

மோத்தா கடல் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நாளைக்கு வெடியுமுந்தி வெள்ளாப்புலேயே நம்ம தோணிய எடுத்துட்டுப் போயி ஒரு குண்டு எறக்கிப் பாத்துரலாம்னு நெனச்சேன். நீங்க சொன்னாச் சரி. வயசாவுதுல்லா, கண்ணு ஏமாத்துது." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். புத்தகத்தில் உள்ளதைச் சொல்வதுதான் ரைட்டர் வேலை. எப்படியும் இரண்டு அடி இடைவெளி இருக்கிறது. ஓர் அடி குறைந்திருந்தால்கூடக் கப்பல் தாண்டிவிடும்.

இரண்டாவது பேனா முனையும் உடைந்துவிட்டது. போதும்.

பிப்ரவரி 15, வியாழன்

காலை ஒன்பதரை மணிக்குக் கப்பல் முகத்துவாரத்தில் தரை தட்டி நின்றுவிட்டது.

பிப்ரவரி 17, சனி

இன்று நான்காவது வெள்ளத்தில்தான் கப்பல் நகர்ந்தது. பாரம் குறைக்க நிலக்கரியைக் கடலில் அள்ளிக் கொட்டினார்கள். ஆற்றுவாய் முழுக்கக் கறுப்பு. அடித்தகடு வளைந்து தண்ணீர் உள்ளே வருகிறதாம். பழுது பார்க்கக் கொழும்புக்கே இழுத்துப் போகிறார்கள். உயிர்ச்சேதம் இல்லை. கடவுள் புண்ணியம்.

ஊரே கரையில் தேர் பார்ப்பதுபோல் நின்றது. சுண்டல்காரன்கூட வந்துவிட்டான். மோத்தா இரண்டு நாளும் கப்பல் மேல்தட்டிலேயே நின்றார். நானும் போய்ப் பார்த்தேன். தொலைவில் இருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. தெரியாததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

இன்று படகு கொக்குத்தீவுக்குப் போகவில்லை. துரை நாய், துப்பாக்கி எதுவும் இல்லாமல் போய், முகத்துவாரத்தை அளந்தார். மூன்று மணிநேரம். திரும்பி வந்து ஒரு தனிக் காகிதத்தைக் காட்டினார். கப்பல் தட்டிய இடத்தில், வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது, பதின்மூன்றரை அடி.

"புத்தகத்தில் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

துரை காகிதத்தைத் தம் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கப்பல் தட்டியதில் மணல் குவிந்திருக்கும் என்றார். அதற்கு முன்பு பதினேழு அடி இருந்தது, இல்லையா என்று கேட்டார்.

இருந்தது என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்சநேரம் கழித்து, பெரிய துறைமுகத்தில் தலைமை ரைட்டர் இடம் காலியாக இருப்பதாகவும், என் பெயரை எழுதியிருப்பதாகவும் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. விசாரணை முடியும்வரை மோத்தாவின் லைசென்சை வாங்கி வைக்கும்படி மதராசிலிருந்து உத்தரவு. அதை எழுதி வாங்கிக் கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய பெருவிரல் ரேகையைப் பதித்தவன் நான்தான்.

பிப்ரவரி 28, புதன்

சாப்பிட உட்கார்ந்தபோது பிரமு சொன்னாள்: "மோத்தா சம்சாரம் சவேரியாள சந்தையில பாத்தேன். அந்த மனுசன் வெடிஞ்சதுலேர்ந்து கடக்கரையிலதான் உக்காந்திருக்காராம். போறவங்க வாறவங்களையெல்லாம் நிப்பாட்டி, 'அந்தா தெக்கால தண்ணி என்ன நெறமாத் தெரியுது ஒனக்கு?'ன்னு கேக்காராம். கண்ணு கெட்டுப்போச்சுன்னு பயந்து கெடக்காராம்."

நான் ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன்.

"ஏங்க, நீங்க திங்கக்கிழமை கணக்க ஞாயித்துக்கிழமையே எழுதுவீங்கல்லா? தண்ணிய அளக்கதுக்கு முந்தி எப்படிங்க எழுத முடியும்?"

"ஆபீஸ் விஷயம் உனக்குப் புரியாது."

"புரியலதான். அதான் கேக்கேன்."

ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று கத்திவிட்டு எழுந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 6, செவ்வாய்

விசாரணை தொடங்கியது. மதராசிலிருந்து காப்டன் ஸ்ட்ரேட்டன் வந்திருக்கிறார். வெள்ளைத் தாடி, கண்ணாடி. ஆபீஸ் கூடத்திலேயே நீள மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் கப்பலின் மாலுமித் தலைவர்: பைலட் சொன்ன வழியில்தான் ஓட்டினேன். பிறகு பெல்லமி துரை: பைலட்டுக்கு நான் எந்த உத்தரவும் தரவில்லை, ஆழப் புத்தகம் எப்போதும் அவருக்குத் திறந்திருந்தது.

பிறகு காப்டன் ஆழப் புத்தகத்தைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். விரல் வைத்து எண்களைக் கூட்டிப் பார்த்தார். சிப்பி வந்த வாரத்தில் நின்று தலையை ஆட்டினார்.

"இந்தக் கரையில் நாற்பது வருஷமாகச் சுற்றுகிறேன். இவ்வளவு சுத்தமான ஆழப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. யார் எழுதியது?"

எழுந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு நொடி இருந்தது.

அந்த நொடி முடிவதற்குள் காப்டன் தம் முடிவைச் சொல்லத் தொடங்கிவிட்டார். வழியில் ஒன்பது இடத்திலும் ஏறக்குறையப் பதினேழு அடி இருந்திருக்கிறது. கப்பலுக்குத் தேவை பதினைந்து. ஆகவே கப்பல் வழியிலேயே இருந்திருக்க முடியாது. பைலட் வழியைத் தவறவிட்டிருக்கிறார். நாளைக்குப் பைலட்டின் வாக்குமூலம், அதோடு முடித்துவிடலாம்.

என் புத்தகம் சுத்தமாக இருப்பதால்தான் மோத்தா குற்றவாளி. ஹோல்டன் காப்டனுடைய ஓட்டைப் புத்தகமாக இருந்தால் ஒருவரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

மோத்தா கூடத்தின் ஓரத்தில், சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார். இங்கிலீஷில் நடந்தது ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. நாளைக்கு அவர் சொல்வதை மொழிபெயர்க்கப் போகிறவன் நான்.

மார்ச் 7, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மோத்தா சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். காப்டன் கேட்பதை நான் தமிழில் சொல்ல, மோத்தா சொல்வதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தேன். எந்த வழியில் வந்தீர், காற்று எப்படி, எந்த அடையாளத்தைப் பார்த்துத் திருப்பினீர். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பிறகு காப்டன், வழியில் தண்ணீர் குறைவு என்று உமக்குச் சந்தேகம் இருந்ததா என்று கேட்டார்.

மோத்தா என்னைக் காட்டிச் சொன்னார்:

"என் கண்ணுக்குக் கொறஞ்சுதான் தெரிஞ்சுது. போயி ரைட்டரய்யாகிட்ட கேட்டேன். திங்கக்கிழமை அளந்தது, பதினேழு அடின்னாரு. அவரு பொய் சொல்லுத ஆளில்ல. பதினெட்டு வருசமாத் தெரியும். அப்போ என் கண்ணுதான் பொய் சொல்லிருக்கு. இனிமே கப்பல் கூட்டுததுக்கு நான் லாயக்கில்ல. நீங்க லைசென்ச எடுத்துக்கிடுங்க, அது நியாயம்தான்."

காப்டன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அதை நான் இங்கிலீஷில் சொல்லவேண்டும். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று, என்னைப் பற்றி, என் வாயால்.

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும், "இதுவரை சாட்சி சொன்னது. இனிமேல் நான் சொல்வது" என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு மணிநேரம் பேசினேன். நவம்பர் பதின்மூன்று முதல் பிப்ரவரி பன்னிரண்டு வரை பதினான்கு திங்கட்கிழமைகள். ஒரு குண்டுகூட இறங்கவில்லை. அரை அடி எப்படிக் குறைத்தேன், சிப்பி எங்கிருந்து வந்தது, எல்லாம். துரையின் இழுப்பறையில் இருக்கும் பதின்மூன்றரை அடிக் காகிதத்தையும் சொன்னேன். காப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெல்லமி துரை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். என் குரல் நடுங்கவே இல்லை. இங்கிலீஷில் எனக்கு எப்போதுமே நன்றாக வரும்.

மோத்தா ஒன்றும் புரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தமக்காக நான் ஏதோ கெஞ்சுகிறேன் என்று நினைத்திருப்பார்போல. வெளியே வரும்போது, "ரொம்பப் பேசினீங்களே ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு வரும்வரை யாரிடமும் எதுவும் பேசக்கூடாது என்று காப்டன் உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டால் அங்கேயே சொல்லியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 8, வியாழன்

காப்டன் முன்னால் உட்கார்ந்து, பதினான்கு வரிகளையும் சிவப்பு மையில் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. இனி யாரும் அதைச் சுத்தமான புத்தகம் என்று சொல்லமாட்டார்கள்.

பெல்லமி துரை கோபப்படவில்லை. "உனக்கு இது தேவையில்லை, உலகநாதம். நாம் எல்லோரும் தப்பித்திருக்கலாம்" என்றார். நாம் எல்லோரும் என்பதில் மோத்தா இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

மார்ச் 22, வியாழன்

தீர்ப்பு. மோத்தாவின் லைசென்சு திரும்ப வருகிறது. என்னை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் ஆபீஸ் வீட்டைக் காலி செய்யவேண்டும். பெல்லமி துரைக்கு இதைவிடப் பெரிய துறைமுகத்துக்கு மாற்றல். அவருடைய உத்தரவில் ஆழப் புத்தகம் என்ற வார்த்தையே இல்லை. நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

பிரமு அழவில்லை. பரணில் ஏறிப் பித்தளைப் பாத்திரங்களை இறக்கத் தொடங்கினாள். "எங்க அண்ணன் ஊருல பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீசு சொல்லிக்குடுக்க ஆளு தேடுதாங்களாம்" என்றாள். எத்தனை நாளுக்கு முன்பே விசாரித்து வைத்திருக்கிறாளோ.

மோத்தாவுக்கான கடிதம் என் மேஜையில் இருக்கிறது. இங்கிலீஷ் கடிதம். யாராவது படித்துச் சொல்லவேண்டும். சேவகனிடம் கொடுத்தனுப்பினால் அவர் பாதிரியாரிடம் கொண்டுபோவார். பாதிரியார் படித்துச் சொல்லிவிடுவார். எனக்கு வேலை மிச்சம். இதையும் யோசித்தேன்.

மார்ச் 26, திங்கள்

நேற்று அவர்களுக்குப் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள். அதனால் இன்று போனேன். மோத்தா கரையில் தம் தோணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாய்மரப் பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். எனக்கு உட்காரப் பாயை ஒதுக்கினார்.

கடிதத்தைப் படித்தேன். பைலட் கஸ்பார் மோத்தா மேல் குற்றம் எதுவும் இல்லை. லைசென்சு இன்று முதல் செல்லும்.

மோத்தா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "எல்லாம் நீங்க அன்னைக்குப் பேசினதுதான், ஐயா" என்றார். பிறகு, "அப்போ தப்பு எங்க நடந்துச்சாம்?" என்று கேட்டார். கடிதத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது. படித்தேன்: ஆபீஸ் பதிவேட்டில் ஏற்பட்ட பிழை.

"பிழைன்னா? எண்ணு ஏதும் மாறிப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவர் மனத்தில் நான் நல்லவனாகவே இருந்திருப்பேன். நாளைக்கு வண்டி ஏறப்போகிறேன், இனி இந்த ஊருக்கு வரவேண்டியதும் இல்லை.

"அளக்கல, மோத்தா" என்றேன்.

"எந்தத் திங்கக்கிழமை?"

"எந்தத் திங்கக்கிழமையும். துரை வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அளக்கவில்லை. நானாக எழுதினேன்."

அவர் ஊசியைப் பாயில் குத்தி வைத்தார். எதையோ கூட்டிப் பார்ப்பவர்போல மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்து கேட்டேனே" என்றார்.

"புத்தகத்தில் இருந்ததை..."

"புஸ்தகத்தையா வந்து கேட்டேன்? ஒம்மையில்லா கேட்டேன்." பதினெட்டு வருஷத்தில் அவர் என்னை 'நீர்' என்று பேசியது இதுதான் முதல் தடவை. "எம் மொகத்தப் பாத்துத்தான சொன்னீரு?"

"ஆமாம்."

"அளக்கலன்னு தெரிஞ்சேதான் சொன்னீரு."

"ஆமாம்."

விசாரணையில் நடுங்காத குரல் இந்த ஒரு வார்த்தைக்கு நடுங்கியது.

"நாப்பது நாளு, வேய்" என்றார். சத்தம் போடவில்லை. "நாப்பது நாளா இந்தக் கடலப் பாக்கவே பயந்துக்கிட்டுக் கெடந்தேன். பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தாக்கூட, இது சரியாத்தான் தெரியுதான்னு சந்தேகம். லைசென்சு போனாப் போயிட்டுப் போவுது. வல பிடிச்சுப் பொழச்சுக்கிடுவேன். என் கண்ணையே நான் நம்பாம ஆக்கிட்டீரே."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் ஓரம்வரை நடந்துபோய் நின்றார். தெற்கே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். திரும்பி வரவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழி நெடுக அதற்கான வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனுஷன் கொடுத்திருப்பார், அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வண்டி ஏற எனக்கு மனம் வரவில்லை.